பேர்ட்ஸ், பீஸ்ட்ஸ் அண்ட் பேண்டிட்ஸ்

பேர்ட்ஸ், பீஸ்ட்ஸ் அண்ட் பேண்டிட்ஸ் (பொருள்: பறவைகள், விலங்குகள், கொள்ளையர்கள்) என்பது கருநாடகத்தைச் சேர்ந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர்களான கிருபாகர், சேனானி ஆகிய இருவரும் எழுதிய அனுபவ நூலின் ஆங்கில வடிவமாகும். 1997 அக்டோபரில் வீரப்பனால் கடத்தப்பட்ட இவர்கள், 14 நாட்கள் காட்டில் பணயக் கைதிகளாக இருந்து உயிர் மீண்டதை இந்நூல் விவரிக்கின்றது. மூல நூல் கன்னடத்தில் எழுதப்பட்டது. எஸ். ஆர். இராமகிருஷ்ணாவின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பென்குயின் பதிப்பகம் 2011 இல் வெளியிட்டது.

பின்னணி

சந்தன மரம், யானைத் தந்தம் ஆகியவற்றைக் கடத்திய வீரப்பன் (1952–2004), தமிழக, கருநாடக எல்லைக் காடுகளில் மறைந்து வாழ்ந்தார். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே இவரது குழு நிகழ்த்திய கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் உயிரிழந்தனர். பின்னர் ஆட்களைக் கடத்தி, அவர்களை முன்னிறுத்திப் பொதுமன்னிப்பு முதலிய கோரிக்கைகளை அரசுகளிடம் வைத்தார்.

உள்ளடக்கம்

பந்திப்பூர்ப் பகுதியில் செந்நாய் முதலிய விலங்குகளைப் படம்பிடித்து வந்த இருவரையும், அரசில் செல்வாக்கு மிக்கவர்கள் எனத் தவறாகக் கருதி வீரப்பன் கடத்தினார். அரசு இவர்களுக்காக இறங்கி வரும் என்பது அவரது கணக்கு. அத்தகைய செல்வாக்கு தங்களுக்கு இல்லை என்பதை இவர்கள் அறிந்திருந்தனர். இந்த முரணே நூலின் அச்சத்திற்கும் நகைச்சுவைக்கும் அடிப்படையாகும். காடும் விலங்குகளும் இரு தரப்பினரும் நன்கறிந்தவை. ஆகவே அவை பற்றிய உரையாடல்கள் நூலில் முக்கிய இடம் பெறுகின்றன. வீரப்பனின் காட்டறிவையும், குழுவினரின் அன்றாட வாழ்வையும் ஆசிரியர்கள் அருகிலிருந்து பதிவு செய்துள்ளனர். 14 நாட்களுக்குப் பின் இருவரும் காயமின்றி விடுவிக்கப்பட்டனர்.

பிந்தைய நிகழ்வுகள்

வீரப்பனிடம் சிக்கிய அனைவரும் இவ்வாறு மீளவில்லை. 2000 சூலை 30 அன்று தாளவாடி அருகேயுள்ள தொட்டகாஜனூரில் கடத்தப்பட்ட கன்னட நடிகர் ராஜ்குமார், 108 நாட்களுக்குப் பின் நவம்பர் 15 அன்று விடுவிக்கப்பட்டார். 2002 ஆகத்தில் கடத்தப்பட்ட கருநாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா, அதே ஆண்டு திசம்பரில் காட்டில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே தமிழக அதிரடிப்படையினர் வீரப்பனைச் சுட்டுக் கொன்றனர்.

நூலாசிரியர்கள் காட்டுயிர்ப் பணியைக் கைவிடவில்லை. செந்நாய்களைப் பற்றி இவர்கள் எடுத்த தி பேக் என்னும் ஆவணப்படம் 2010 இல் வைல்ட்ஸ்கிரீன் விழாவில் பாண்டா விருது பெற்றது.