டேஷ்போர்டின் விரிசல்: சில குறிப்புகள்

கோயம்புத்தூர் நண்பர் ஒருவரிடம் 1970-ஆம் வருடத்து அமெரிக்கக் கார் ஒன்று இருக்கிறது. நம்மூரில் 'படகுக் கார்' என்பார்களே, அந்த ரகம். இடதுபக்க ஸ்டியரிங். இஞ்சின் ஓடுகிறது, பெயின்ட் புதுசு, சீட்டுகளுக்கு உறை மாற்றியாயிற்று. டேஷ்போர்டின் மேல்மெத்தை மட்டும் வெடித்துப்போய்க் கிடந்தது. ஸ்பீக்கர் துளையின் மூலையிலிருந்து முன்கண்ணாடி வரைக்கும் மூன்று விரிசல்கள். உள்ளேயிருந்து மஞ்சள் நுரை பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. "மத்ததெல்லாம் ஒரிஜினலாக் கொண்டுவந்தாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி" என்றார். இந்த 'ஒரிஜினல்' என்ற சொல் என்னை விடவில்லை. எது ஒரிஜினல்?

சொல்லிலிருந்து தொடங்குகிறேன், தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேறு வழி தெரியாது. 19-ஆம் நூற்றாண்டுக் குதிரைவண்டிகளில், குளம்பு வாரியடிக்கும் சேறு உள்ளே இருப்பவர் மேல் தெறிக்காமல் முன்னால் நிறுத்திவைத்த பலகைக்குத்தான் டேஷ்போர்டு என்று பெயர். குதிரை போய் இஞ்சின் வந்த பிறகும் பலகை போகவில்லை. 1901-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் கார், தன் முன்பலகையின் வளைவை வைத்தே பெயர் பெற்றது. இத்தனைக்கும் அதற்கு முன்னால் சேறு வாரியடிக்க எந்தக் குதிரையும் இல்லை. பிறகு மீட்டர்களும் குமிழ்களும் அந்த இடத்தில் வந்து குடியேறின. தடுக்க வந்தது காட்ட ஆரம்பித்தது. 'முகப்பு' என்று தமிழில் மொழிபெயர்க்கிறவர்கள் இந்த இரண்டாவது வாழ்க்கையை மட்டுமே மொழிபெயர்க்கிறார்கள்.

காட்ட வந்தது காயமும் பண்ணியது. 1930-களின் டெட்ராய்ட்டில் கிளேர் ஸ்ட்ரெய்த் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். கார் விபத்தில் முகம் சிதைந்தவர்களைத் தைத்துத் தைத்து அலுத்தவர். கிழித்தது எது என்று பார்த்தால் இரும்புத் தகட்டின் விளிம்பும் அதில் துருத்திய குமிழ்களும்தான். பிடித்துக்கொள்ள ஓட்டுநருக்கு ஸ்டியரிங்காவது உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது. 1948-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஸ்ட்ரெய்த் எழுதிய கட்டுரையின் தலைப்பே இந்த 'விருந்தினர் பயணி'யின் காயங்களைப் பற்றியதுதான். தன் சொந்தக் கார்களில் அவர் ஏற்கெனவே மெத்தை பொருத்திவிட்டிருந்தார்.

என் சித்தியின் நெற்றியில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. நான் பிறப்பதற்கு முன், வாடகைக் காரின் முன்சீட்டில் மடியில் என் அண்ணனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பட்டது. குழந்தையை அணைத்திருந்ததால் கை ஊன்ற முடியவில்லை. வீட்டில் இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பார்கள். எல்லாத் தடவையும் கதை "டிரைவர் தூங்கிட்டான்" என்பதில்தான் முடியும். நெற்றி போய் மோதியது இரும்பில் என்று யாரும் சொன்னதில்லை.

இதே கதையாடல்தான் அமெரிக்காவிலும் வெகுகாலம் ஆட்சி செய்தது. விபத்து என்றால் ஓட்டுநரின் குற்றம். கார் வெறும் சாட்சி. இதை உடைக்கிற வேலை வேறொரு துறையிலிருந்து வந்தது. ஹ்யூ டிஹேவன் என்பவர் 1942-இல் 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களை ஆராய்ந்து எழுதினார். அவரே விமான விபத்தில் தப்பியவர். கொல்வது வேகம் அல்ல, அந்த வேகம் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதுதான் என்று காட்டினார். அப்படியானால் ஒவ்வொரு விபத்திலும் இரண்டு மோதல்கள்: கார் எதிலோ மோதுவது ஒன்று, உள்ளே இருக்கும் உடம்பு காரிலேயே மோதுவது இன்னொன்று. முதலாவதற்கு ஓட்டுநர் பொறுப்பாகலாம். இரண்டாவதற்கு? அந்த இரும்பு விளிம்பை வரைந்தவர் யார், அனுமதித்தவர் யார் என்ற கேள்வி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கேள்வி கிளம்பியும் கம்பெனிகள் அசைந்துவிடவில்லை. 1948-இல் டக்கர் கார் டேஷ்போர்டுக்கு மெத்தையோடு வந்தது. 51 கார்களோடு கதை முடிந்தது. 1956-இல் ஃபோர்டு மெத்தையை விருப்பப் பொருளாக, தனிக் காசுக்கு விற்றது. தலையைக் காத்துக்கொள்வது விருப்பம்! 1965-இல் ரால்ஃப் நேடரின் புத்தகம் வந்தது. மறு வருடம் மார்ச்சில், அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார். செப்டம்பரில் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1968 ஜனவரி 1 முதல் 201-ஆம் எண் தரவிதி நடைமுறைக்கு வந்தது: 15 பவுண்டு எடையுள்ள தலைவடிவம் மணிக்கு 15 மைல் வேகத்தில் டேஷ்போர்டில் மோதும்போது, அதன் வேகத்தளர்ச்சி புவியீர்ப்பைப்போல் 80 மடங்கை 3 மில்லிநொடிக்கு மேல் தொடர்ந்து தாண்டக்கூடாது. நண்பரின் காரில் உதிர்ந்துகொண்டிருந்த மஞ்சள் பொடி, இந்த வாக்கியம் பொருளாக மாறிய வடிவம்.

அந்தப் பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. மெத்தையின் உள்ளே பாலியூரித்தேன் நுரை, மேலே பி.வி.சி. தோல். பி.வி.சி. இயல்பிலே குழாய்க்கு ஆகிற விறைப்பான சாமான். அதை நெகிழவைக்க முடியும் என்று 1926-இல் வால்டோ செமன் கண்டுபிடித்தார். நெகிழவைக்கச் சேர்க்கும் திரவம் அதோடு ரசாயனமாகப் பிணைவதில்லை, கூடக் குடியிருக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் அது மெல்ல ஆவியாகிறது. பழைய கார்களின் முன்கண்ணாடியில் உள்பக்கம் படியும் எண்ணெய்ப்பூச்சு அதுதான். திரவம் போகப்போகத் தோல் சுருங்கி விறைக்கும். துளைகளின் மூலையில் இழுவிசை கூடுவதால் அங்கேதான் முதலில் கிழியும். பார்த் 1957-இல் பிளாஸ்டிக்கைப் பற்றியும் சித்ரோயன் காரைப் பற்றியும் ஒரே நூலில் எழுதினார். இரண்டும் அப்போது புத்தம் புதுசு. பிளாஸ்டிக்குக்கு முதுமை வரும் என்பது அந்த வாசிப்பில் இல்லை, இருந்திருக்கவும் முடியாது.

இரும்பு டேஷ்போர்டுகள் இன்றும் பளபளவென்று இருக்கின்றன. கொன்றது நிலைக்கிறது, காக்க வந்தது உதிர்கிறது. பழைய கார்ப் பிரியர்கள் 1968-க்கு முந்தையதை 'அந்தக் காலத்துக் கட்டுமானம்' என்று கொண்டாடுவதில் இந்த ஏமாற்று வேலையும் கலந்திருக்கிறது.

பட்டறைக்காரர் சொன்ன வழி சுலபமானது: "ஃபைபர் அடிச்சு, பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டு, மேல ரெக்சின் ஒட்டிட்டா கம்பெனி ஐட்டம் மாதிரியே இருக்கும்ங்க." இருக்கும்தான். வெளிநாடுகளிலும் கடினமான பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து ஒட்டுகிற வழக்கம் உண்டு. ஆனால் இங்குதான் சிக்கல். மெத்தைபோல் தோன்றும், மெத்தையாக இருக்காது. 201-ஆம் விதிக்கு முந்தைய டேஷ்போர்டுக்கே ரெக்சின் உடுத்திக் கூட்டிவந்ததாகிவிடும். தோற்றத்தை ஒரிஜினலாக்க, அந்தத் தோற்றத்துக்குக் காரணமான வரலாற்றையே அழிக்கிறோம். இதை விரிசலோடேயே விட்டுவைப்பது எவ்வளவோ மேல் என்று சொன்னேன். "நீங்க எழுதுறவரு, சொல்லிட்டுப் போயிருவீங்க" என்றார் நண்பர்.

கடைசியில் ஒரு சமரசம். மெத்தையைக் கழற்றி, பல வருடமாகப் பூசிய பாலிஷ் எண்ணெயைத் துடைத்தெடுத்தார்கள். எண்ணெய் இருந்தால் எதுவும் பிடிக்காது. விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு துளை, அதற்கு மேல் ஓடாமலிருக்க. மேலே சுருண்ட விளிம்பைச் சரிவாகச் செதுக்கிவிட்டு, காய்ந்த பிறகும் வளைகிற நிரப்பியை மெல்லிய படிவுகளாக இட்டார்கள். சாதாரணப் பட்டி வைத்திருந்தால் அது கல்லாகிவிடும். பக்கத்தில் தோல் மறுபடி கிழியும். பதினோரு நாள் பிடித்தது. தோலின் வரிவடிவம் முழுசாக வரவில்லை. சாய்வெயிலில் பார்த்தால் மூன்று கோடுகள் தெரிகின்றன. நண்பருக்குத் திருப்தியில்லை.

சீட் உறை மாற்றும்போது கழற்றிய பெல்ட்டுகள் டிக்கியில் சாக்குக்குள் கிடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த முறை போகும்போது அதைப் பற்றிப் பேச வேண்டும்.