தூசும் துளியும்

பொம்மசந்திராவில் ஓசூர்ச் சாலையோரம் நின்று ஆடி மாதத்து வானத்தை நோக்குவோமாயின், மேற்கிலிருந்து விரையும் மேகங்களைக் காண்போம். கீழே ஆலைப் புகையும் சரக்கு வண்டிகளின் புகையும் எழுகின்றன. இவ்விரண்டிற்கும் தொடர்புண்டா? விடை தேடிய வரலாறு ஏறத்தாழ 150 ஆண்டுக் காலத்தது.

1875-இல் பிரெஞ்சு விஞ்ஞானி கூலியேயும், 1880-இல் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கனும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். எய்ட்கன் ஒரு கண்ணாடிக் கலத்தில் சாதாரணக் காற்றையும், மற்றொன்றில் பஞ்சினால் வடிகட்டிய காற்றையும் நிரப்பி, இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதற் கலத்தில் மூடுபனி மண்டியது. மற்றது தெளிவாகவே இருந்தது. நீராவி துளியாகத் திரளப் பற்றுக்கோடாக ஒரு நுண்துகள் வேண்டும் என்பது அதனால் விளங்கிற்று.

அங்ஙனமாயின், துகள்கள் பெருகினால் மழையும் பெருகுமன்றோ? அதுதான் இல்லை. ஒரு பானைக் கஞ்சியைப் பத்துப் பேருக்கு வார்ப்பதும் நூறு பேருக்கு வார்ப்பதும் ஒன்றாகுமா? நீர் அதே அளவினதாயிருக்கத் துகள்கள் மிகுந்தால், துளிகள் எண்ணிக்கையிற் பெருகி உருவத்திற் சிறுக்கும். அத்தகைய மேகம் வெளுத்துக் கதிரொளியை மிகுதியாகத் திருப்பி விடும் என்று 1970-களில் டுவோமி என்னும் அறிஞர் விளக்கினார். ஒரு மழைத்துளி உருவாக ஏறக்குறையப் பத்து இலட்சம் மேகத்துளிகள் கூடவேண்டும். மிகச் சிறு துளிகளோ எளிதில் ஒன்றோடொன்று மோதிக் கூடுவதில்லை.

இவ்வாராய்ச்சியை இந்துமாக்கடலுக்குக் கொணர்ந்தவர்களுள் ஒருவர் நம்மவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வீ. இராமநாதன் தம் 11-ஆம் வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்குக் குடிவந்தவர். பள்ளியில் ஆங்கிலம் விளங்காமற் போகவே, தாமே ஆராய்ந்தறியும் பழக்கத்தைக் கைக்கொண்டதாக அவரே கூறியுள்ளார். பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பயின்றார். 1999-இல் அவரும் பால் குரூட்சனும் தலைமையேற்ற இந்துமாக்கடல் ஆய்வில் விமானங்களும் கப்பல்களும் ஈடுபட்டன. தெற்காசியப் புகைமூட்டம் கடல்மேற் பரந்திருந்தது. மாசு படர்ந்த வடபகுதி மேகங்களில் துளிகள் மிகுந்து சிறுத்திருந்தன. தெற்கே தூய காற்றில் அவை குறைந்து பருத்திருந்தன.

2009-இல் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம் இந்திய நிலப்பரப்பின்மேல் விமானங்களைச் செலுத்தி மேகங்களை அளக்கத் தொடங்கிற்று. மாசு மிக்க இடங்களில் மேகம் மேலும் உயர்ந்து வளர்ந்த பின்னரே மழைத்துளி உருவாகிறதென அவ்வளவீடுகள் காட்டின.

தென்மேற்குக் காற்று பொம்மசந்திராவின் புகையைத் தமிழ்நாட்டுப் பக்கமாகவே கொண்டு செல்கிறது. பிழைக்க வந்த ஊரில் நாம் எழுப்பும் புகை, பிறந்த ஊர் எதிர்நோக்கும் மேகத்தையும் தொடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.