முத்துச் சல்லடையும் மனிதச் சல்லடையும்

வைப்பாறு கடலோடு கலக்குமிடத்தில் கீழவைப்பார் என்னும் மீனவர் சிற்றூர் இருக்கிறது. அது அமைந்துள்ள தூத்துக்குடிக் கடற்பகுதியில் 1961 வரை அவ்வப்போது முத்துக்குளிப்பு நடைபெற்றது. மன்னார் வளைகுடா முத்துகளை அளவுவாரியாகப் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகளைப் பயன்படுத்தினர். முதல் சல்லடையில் 20 துளைகள். கடைசிச் சல்லடையில் 1000. துளைகள் பெருகப் பெருக அவற்றின் அளவு சிறுக்கும். ஆனால் சிப்பிக்குள் முத்து பத்தே அளவுகளில் விளைவதில்லை. மயிரிழை வேறுபாடுள்ள இரு முத்துகள் வெவ்வேறு சல்லடைகளில் தங்கிவிடக்கூடும்.

மனித இயல்பையும் இவ்வாறு சலித்துப் பார்க்கும் முயற்சி பழமையானது. நம் வைத்தியர்கள் வாதம், பித்தம், கபம் என மூன்றாகப் பகுத்தனர்; கிரேக்க மருத்துவ மரபு நான்காகப் பகுத்தது. 1921-இல் கார்ல் யுங், மனிதரை அகமுகர், புறமுகர் எனப் பிரித்து நூல் எழுதினார். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவையொட்டி அவர் நம் நாட்டிற்கும் வந்தார். 1970-இல் சிலி நாட்டின் அரிக்கா நகரில் ஆஸ்கார் இச்சாசோ கற்பித்ததைக் கிளாடியோ நரான்ஹோ அமெரிக்காவில் ஒன்பது ஆளுமை வகைகளாக விரித்தார். அதுவே இன்று எனியாகிராம் எனப்படுகிறது. கிரேக்க மொழியில் 'எனியா' என்றால் ஒன்பது.

இம்முறையில் கடினமான பகுதி, ஒத்த வகைகளைப் பிரித்தறிவதே. முதல் வகையினரும் ஆறாம் வகையினரும் விதிகளை மதிப்பவர்கள். முன்னவர் பிழையற்றவராக இருக்க விரும்புகிறார். பின்னவர் பாதுகாப்பை நாடுகிறார். ஆகவே செயலைவிட உள்நோக்கத்தைப் பார்க்கவேண்டும் என்பர். ஆனால் உள்நோக்கத்தை எந்த அளவுகோலால் அளப்பது? தேர்வுக்கு இரவெல்லாம் படிக்கும் மாணவரிடம் இவ்விரண்டு நோக்கங்களும் ஒருங்கே இருக்கலாமல்லவா?

யுங்கின் கருத்திலிருந்து பிறந்த வினாத்தாள் ஒன்றை 1989-இல் மெக்ரே, கோஸ்டா என்னும் உளவியலாளர்கள் ஆராய்ந்தனர். மதிப்பெண்கள் இரு குவியல்களாகப் பிரியவில்லை. பெரும்பாலோர் நடுவிலேயே நின்றனர். நடுவில் கோடு கிழித்தால், கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவர்களே இருப்பார்கள். ஒத்த வகைகள் நம்மைக் குழப்புவதன் காரணம் இதுவே எனலாம். எனவே இன்றைய உளவியலாளர் பலர் வகை சொல்வதை விட்டு, ஐந்து பண்புகளை வெப்பமானியில் போல அளவாகக் குறிக்கின்றனர்.

"இவன் அகமுகன், மேடைக்கு ஆகமாட்டான்" என்று ஒரு மாணவனை ஒதுக்குமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சலித்த முத்து பிறகு வளராது, மாணவன் வளர்வான்.