சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதல்

1930 ஏப்ரல் 18 இரவு, கிழக்கு வங்காளத்தின் சிட்டகாங் துறைமுக நகரில் இளைஞர் படையொன்று ஆங்கிலேய ஆட்சியைத் தாக்கியது. தலைவர் சூர்யா சென், பள்ளி ஆசிரியர். தோழர்கள் அவரை ‘மாஸ்டர்தா’ என்றே அழைத்தனர். படையினரில் பலர் மீசை அரும்பாத மாணவர்கள்.

திட்டம் வியக்கத்தக்க நுணுக்கமுடையது. தொலைபேசி, தந்தி நிலையத்தை அழித்தார்கள். ரயில் பாதையைத் துண்டித்தார்கள். போலீஸ் கிடங்கையும் துணைப்படைக் கிடங்கையும் கைப்பற்றினார்கள். துணைப்படைக் கிடங்கில் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றுக்கான தோட்டாக்கள் மட்டும் சிக்கவில்லை. அன்று புனித வெள்ளி என்பதால், தாக்கத் திட்டமிட்டிருந்த ஐரோப்பியர் கிளப்பும் வெறிச்சோடிக் கிடந்தது. இருந்தும் போலீஸ் கிடங்கின் முன் தேசியக் கொடியேற்றி, தற்காலிகப் புரட்சி அரசை அறிவித்தார் சூர்யா சென்.

ஏப்ரல் 22-இல் ஜலாலாபாத் குன்றில் இந்தப் படையினரை ராணுவம் சுற்றி வளைத்தது. மோதலில் 12 புரட்சியாளர்கள் மாண்டனர். தப்பியவர்கள் கிராமங்களில் மறைந்து போரைத் தொடர்ந்தனர். 1932 செப்டம்பரில் பஹார்தலி ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கிய அணிக்குத் தலைமையேற்ற பிரீதிலதா வதேதார், பிடிபடாமலிருக்க சயனைடு அருந்தி இறந்தார். அப்போது வயது 21. பெண்களால் ஆயுதப் போரை வழிநடத்த முடியுமா என்ற ஐயத்துக்கு அவர் இடமே வைக்கவில்லை.

காட்டிக்கொடுக்கப்பட்ட சூர்யா சென் 1933 பிப்ரவரியில் கைதானார். 1934 ஜனவரி 12 அன்று, தோழர் தாரகேஸ்வர் தஸ்திதாருடன் சிட்டகாங் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.