முதல் அலை யாருடையது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டெனசி ஆற்றங்கரையில் டிகேட்டர் என்றொரு ஊர். அங்குள்ள பாயின்ட் மல்லார்ட் பூங்கா 1970-இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் வேவ் பூல், அதாவது செயற்கை அலைக் குளம், எங்களுடையதுதான் என்று அந்த ஊர் அரை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறது. அரிசோனா மாநிலத்து டெம்பியில் இருந்த பிக் சர்ஃப் பூங்கா திறந்த நாளோ 1969 அக்டோபர் 5. தேதியை மட்டும் பார்த்தால் வழக்கு ஒரே வரியில் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இரண்டு ஊரும் தத்தம் பட்டத்தை விடாமல் வைத்திருக்கின்றன. வாட்டர் பார்க்குகளின் ஆரம்ப காலத்தைத் தேடப் போன என்னை இந்த முரண் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

இப்படிப்பட்ட இடங்களின் வரலாற்றைத் தேடுவது கோயில் வரலாற்றைத் தேடுவதைவிடக் கடினம். கல்வெட்டு கிடையாது. கோடையில் ஓடி குளிர்காலத்தில் மூடும் தொழில். கைமாறும்போது கணக்குப் புத்தகங்களோடு எல்லாம் குப்பைக்குப் போய்விடும். மிஞ்சுவது விளம்பரங்கள், படத் தபால் அட்டைகள், போய்வந்தவர்களின் நினைவு. நினைவில் வெயிலும் கூட்டமும் பயமும் அப்படியே இருக்கும். ஆண்டு மட்டும் இருக்காது. ஆகவே ஏக்கத்தோடு எவரும் எழுதாத ஒரு காகிதத்தைத் தேடினேன்: காப்புரிமைப் பத்திரம்.

கிடைத்தது. எண் 3473334. பெயர் டெக்ஸ்டர். அலைகளை உண்டாக்கும் கருவிக்கும் முறைக்குமாக 1969 அக்டோபரில் வழங்கப்பட்டது, அதாவது பிக் சர்ஃப் திறந்த அதே மாதம். இந்தப் பொருத்தத்தைக் கண்டபோது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஃபில் டெக்ஸ்டர் அரிசோனாக்காரர். கடலே இல்லாத மாநிலத்தில், நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் வெயிலில், சறுக்குப் பலகையில் ஏறி நிற்கும் அளவுக்கு ஓர் அலை வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர்.

பிக் சர்ஃபில் அவருடைய ஏற்பாடு இதுதான். குளத்தின் ஒரு கோடியில் உயரமான கான்கிரீட் தொட்டி. பம்புகள் தண்ணீரை அதில் ஏற்றும். தொட்டியின் அடியில் மதகுகள். அவற்றைச் சட்டென்று திறந்தால் மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் முழுவதும் கீழ்வழியாகப் பீறிடும். எதிரே நீருக்கடியில் கட்டியிருக்கும் திட்டில் மோதி மேலெழும். எழுந்தது ஒற்றை அலையாகக் குளத்தின் நீளத்துக்கும் ஓடி, தரை மேடாகும் இடத்தில் உடையும். ஐந்தடி உயரம்வரை. அடுத்த அலைக்குத் தொட்டி மறுபடி நிறைய வேண்டும். மதகும் ஏரியும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் அளவு பெரிது. குளம் 25 லட்சம் காலன் கொள்ளும். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கிட்டத்தட்ட 800 நடை. பணம் போட்டது கிளேரால் என்ற கூந்தல் சாயக் கம்பெனி.

இயந்திரம் ஓடிய காட்சி வேண்டுமென்றால் ‘நார்த் ஷோர்’ என்ற 1987-ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தைப் பார்க்கலாம். அரிசோனாவில் செயற்கை அலையில் ஜெயித்த பையன் ஹவாய் கடலுக்குப் போகிற கதை. அந்தப் போட்டி படமானது பிக் சர்ஃபில்தான். கதைக்காக எடுத்த காட்சி இன்று ஆவணமாகிவிட்டது.

இனி டிகேட்டர். அந்த ஊர் மேயர் கில்மர் பிளாக்பர்ன் ஜெர்மனியில் கூரைக்குள் அலையடிக்கும் நீச்சல் குளங்களைப் பார்த்தவர். அதைப் போல ஒன்று தன் ஊருக்கும் வந்தால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார். ஐஸ் ரிங்க் தயாரிப்பாளர் ஜே. ஆஸ்டின் ஸ்மித்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். இங்கே அலை உடைந்து சீறாது. குளம் முழுவதும் ஏறி இறங்கி ஆடும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும் நிற்கலாம். உலகத்தில் இன்று பெரும்பாலான வாட்டர் பார்க்குகளில் இருப்பது இந்த வகைதான். அதனால் டிகேட்டர்க்காரர்கள் தங்களை முதல்வர் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது என்றே கொஞ்ச காலம் நம்பியிருந்தேன்.

நியூ ஜெர்சியின் பாலிசேட்ஸ் பூங்கா அந்த நம்பிக்கையைக் கலைத்தது. ஹட்சன் ஆற்றை ஒட்டிய மலைவிளிம்பில் இருந்த அந்தக் கேளிக்கைப் பூங்காவில் 1913-லேயே பெரிய உப்புநீர்க் குளம் திறந்துவிட்டார்கள். அதில் செயற்கை அலையும் இருந்தது. சிற்றலைதான், ஆனாலும் அலை. டிகேட்டருக்கும் டெம்பிக்கும் அரை நூற்றாண்டு முந்தியது. பாலிசேட்ஸ் 1971-இல் மூடியது. தனக்காக வாதாட அங்கே ஆள் இல்லை. பட்டம் உயிரோடு இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்து தேடல் ஜெர்மனிக்கே திரும்பியது. 1911-இல் ட்ரெஸ்டன் நகரில் சர்வதேச சுகாதாரக் கண்காட்சி நடந்தது. நடத்தியவர் வாய் கொப்பளிக்கும் மருந்து விற்றுப் பணக்காரரான லிங்னர். (சாயம், வாய் மருந்து என்று இந்த அலைகளின் பின்னால் ஒப்பனைப் பணம் மறுபடி மறுபடி வருகிறது.) 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோன அந்தக் கண்காட்சியில் ‘உண்டோசா’ என்ற அலை இயந்திரம் ஓடியது. முடிந்ததும் அதைப் பக்கத்து ஊரான ராடபாயிலுக்குக் கொண்டுபோய், 1912-இல் பில்ஸ் என்பவரின் திறந்தவெளிக் குளியல் குளத்தில் பொருத்தினார்கள். இயற்கை வைத்தியப் புத்தகம் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். வெயிலும் காற்றும் நீரும் உடம்புக்கு மருந்து என்பது அவர் கொள்கை. அலையும் அந்த மருந்தில் சேர்ந்தது.

அதற்கும் முன்னால் பவேரியாவின் இரண்டாம் லுட்விக் மன்னர் 1870-களில் லிண்டர்ஹோஃப் அரண்மனையில் செயற்கைக் குகை கட்டி, அதற்குள் குளம் வெட்டி, அதிலும் அலை எழுப்ப இயந்திரம் வைத்திருந்தார். அந்த அலை ஒருவருக்காக மட்டுமே அடித்தது. பொதுமக்கள் குளித்த அலையைத் தேடும் என் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

ஆக, இரண்டு பரம்பரைகள். ஜெர்மனியில் பிறந்து டிகேட்டர் வழியாக வந்தது ஆடும் அலை. டெம்பியில் ஏறக்குறைய முன்னோர் இல்லாமல் பிறந்தது உடையும் அலை. குளிக்கும் குளத்தில் டிகேட்டர் முதலும் இல்லை, இரண்டாவதும் இல்லை. பலகையேறிச் சறுக்கக்கூடிய உள்நாட்டு அலையை அமெரிக்காவில் பொதுமக்களுக்கு முதலில் திறந்தது பிக் சர்ஃப்தான். என் தீர்ப்பு இது.

தீர்ப்பு எழுதும்போது பிக் சர்ஃப் இல்லை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2013-இல் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்துக் கௌரவித்தது. 2019-க்குப் பிறகு கதவு திறக்கவில்லை. 2022-இல் இடம் விற்பனையாயிற்று. ராடபாயில் இயந்திரமோ அரசு பாதுகாக்கும் சின்னமாக இன்றும் கோடைதோறும் ஓடுகிறது. 1911-இல் கண்காட்சிக்கு வந்தவர்கள் பார்த்த அதே இயந்திரத்தின் அலையில் இன்றைக்கும் பிள்ளைகள் குதிக்கிறார்கள். ஒரு நகரம் பாராட்டுப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு இயந்திரத்தைப் போகவிட்டது என்பதை நினைக்க எனக்கு ஆறவில்லை.

காப்புரிமைப் படத்தை வைத்துக்கொண்டு அந்தத் தொட்டியை நாளைக்கே ஒருவர் மறுபடி கட்டலாம். மதகு எந்த நொடியில் திறக்க வேண்டும், கூட்டம் அதிகமான நாளில் அலையை எவ்வளவு தணித்தார்கள், திட்டின் அருகே யாரையும் நெருங்கவிடாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அங்கே வேலை பார்த்தவர்களின் கையில் இருக்கிறது. 1969-இல் இருபது வயதில் காவலுக்கு நின்றவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து கடந்துவிட்டது. அவர்களில் சிலருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.