கன்றுக்குப் பரிசு சரி, வளர்த்த பிள்ளைக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "டீச்சர், இங்கே வருஷா வருஷம் கவுண்டி ஃபேர் என்று நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்களே வளர்த்த கன்று, ஆடு, பன்றி, கோழியைக் கொண்டுவந்து காட்டிப் பரிசு வாங்குகிறார்கள். நம்ம ஊரில் இப்படி ஏதாவது இருந்ததா?" என்று கேட்டிருந்தார். கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

மாடு இருந்தது, சந்தை இருந்தது, பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

முதலில் சந்தையைச் சொல்கிறேன். கார்த்திகை தீபம் பத்து நாள் திருவிழா என்பது உங்களுக்குத் தெரியும். சாமி மாடவீதி சுற்றுவதையும், பத்தாம் நாள் மலைமேல் தீபம் ஏறுவதையும் பார்த்திருப்பீர்கள். அதே நாட்களில் ஊர் ஓரத்துக் காலி நிலத்தில் மாட்டுச் சந்தை கூடும். திருவண்ணாமலை தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தச் சந்தைக்குப் பெயர் உண்டு. தமிழ்நாட்டின் பெரிய மாட்டுச் சந்தைகள் பலவும் இப்படிக் கோயில் திருவிழாவை ஒட்டித்தான் வளர்ந்தன. அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் சந்தை, கண்ணபுரத்தில் சித்திரையில் மாரியம்மன் கோயில் சந்தை. சாமி கும்பிட வருகிறவன் மாட்டையும் ஓட்டிவருவான். விற்ற காசில் கயிறு, மணி, சலங்கை, பாத்திரம், துணி வாங்கிக்கொண்டு போவான்.

கார்த்திகை இந்தச் சந்தைக்கு ஏற்ற மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் தழைத்து, மாடு மினுமினுப்பாக இருக்கும். விற்கிறவனுக்கு அது நல்ல காலம். அடுத்து தை அறுவடையும் வண்டி வேலையும் வருவதால் வாங்குகிறவனுக்கும் மாடு தேவைப்படும்.

நான் பெண்பிள்ளை. சந்தைக்கு என்னைக் கூட்டிப்போனதில்லை. அண்ணன் வந்து சொல்லக் கேட்டதுதான். பெரியப்பா தூரத்தில் நின்றபடியே இது காங்கேயம், இது ஆலம்பாடி, இது பர்கூர் என்று இனம் சொல்வாராம். கிட்டே போனதும் முதல் வேலை பல் பார்ப்பது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழ்த்தாடையில் எட்டுதான். பால்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் முளைக்க ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதாகும். எட்டும் சேர ஐந்து வயது வாக்கில் ஆகிவிடும். "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்று சந்தையில் சொல்வது வயதைத்தான். அடுத்தது சுழி. நெற்றியில், திமிலில், முதுகில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்வார்கள். கெட்ட சுழி என்று பெயர் வந்துவிட்டால் நல்ல மாடும் விலை போகாது. கடைசியில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசுவார். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட என்ன விலை என்று தெரியாது.

இதெல்லாம் பெரியவர்களுடைய கணக்கு. அந்த மாடு சந்தைக்கு வரும்வரை அதை வளர்த்தது யார்?

எங்கள் வீட்டில் விடிந்ததும் கொட்டாய் கூட்டிச் சாணி அள்ளுவது நானும் தங்கச்சியும். கழுநீர்த் தொட்டியில் தவிடும் புண்ணாக்கும் கலப்பது ஆயா. பள்ளிக்கூடம் விட்டதும் மல்லாட்டைக் கொல்லை வரப்பில் புல் அறுப்பது நாங்கள். ஏரியில் மாட்டைக் கழுவுவது அண்ணன். கன்றுக்கு உண்ணி பிடுங்குவது, பால் ஊட்டவிட்டு நேரம் பார்த்துப் பிரிப்பது, கழிச்சல் கண்டால் ஓடிப்போய்ச் சொல்வது எல்லாம் பிள்ளைகள் வேலை. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதம் வாக்கில் நிறம் மாறும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எதிர்வீட்டுப் பையன் தினமும் பார்த்து எனக்குச் சொன்னான்.

ஒரு கார்த்திகையில் அப்பா ஒரு ஜோடி காளைக் கன்றுகளை ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் கயிறு மட்டும்தான் திரும்பி வந்தது. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தங்கச்சி அன்று சோறு சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை. அந்தப் பணத்தில்தான் கடன் அடைந்தது, எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பாவாடை சட்டை வந்தது. இப்படி ஒரு நாள் வராத விவசாய வீடு நம் பக்கத்தில் இருந்திருக்காது.

இந்தச் சந்தைக்கு எத்தனை ஆயிரம் மாடுகள் வந்து போயிருக்கும்! எதற்கும் வரலாறு கிடையாது. ஆனால் இந்த ஊரில் ஒரே ஒரு பசுவுக்கு வரலாறு உண்டு. நான் குடியிருக்கும் ரமணாசிரமம் பகுதியில் அதன் சமாதியே இருக்கிறது. அதுதான் பசு லட்சுமி. 1926ல் குடியாத்தம் பக்கத்துக் குமாரமங்கலத்திலிருந்து அருணாசலம் பிள்ளை என்பவர் ஒரு பசுவையும் அதன் கன்றையும் ரமணருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். அப்போது ஆசிரமத்தைச் சுற்றிக் காடு. இங்கே யார் பார்த்துக்கொள்வது என்று ரமணர் தயங்கினார். அதனால் ஊருக்குள் மாடு வைத்திருந்த ஒருவர் வீட்டில் இரண்டையும் விட்டார்கள். பிறகு ஒருநாள் அங்கிருந்து ஆசிரமத்துக்கு ஓட்டிவந்தபோது கன்று லட்சுமி வழியைக் கண்டுகொண்டது. அதன்பின் காலையில் தானே வரும், சாயங்காலம் தானே திரும்பும். பிற்பாடு ஆசிரமத்திலேயே தங்கி, கோசாலையும் வந்தது. ரமணர் ஜெயந்தி அன்றே மூன்று முறை கன்று ஈன்றதாக ஆசிரமத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். 1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை லட்சுமி இறந்தது. ரமணரே அதற்கு ஒரு வெண்பா எழுதினார். பக்கத்திலேயே மான் வள்ளி, நாய் ஜாக்கி, ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளும் இருக்கின்றன.

பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், சரித்திரப் பாடமாகப் பாருங்கள். ஒரு மாட்டுக்குப் பெயர், வந்த வருடம், இறந்த நாள், வளர்த்தவர் யார் என்று எழுதி வைத்தால் அதற்கும் வரலாறு வந்துவிடுகிறது. எழுதாவிட்டால் மாடும் இல்லை, வளர்த்த பிள்ளையும் இல்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். மாடும் பள்ளிக்கூடமும் நம் நாட்டில் ரொம்ப நாள் சக்களத்திகள். வருகைப் பதிவேட்டில் "ஆ" போட்டுப் போட்டு எனக்குத் தெரிந்த பாடம் அது. 1953ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் வகுப்பில், மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலில் என்பது ஏற்பாடு. பெரியாரும் தி.மு.க.வினரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிக் கடுமையாக எதிர்த்தார்கள். மாடு மேய்ப்பவன் மகன் மாடுதான் மேய்க்க வேண்டுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. 1954ல் ராஜாஜி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். 1956ல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. மாடு மேய்த்த ஒரு பையனிடம் காமராஜர், ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்க, போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டதாக ஒரு கதை எல்லோரும் சொல்வதுண்டு. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். உங்களில் பாதிப் பேர் அந்தத் தட்டில் சாப்பிட்டுத்தான் படித்தீர்கள்.

அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதுதான் என் கருத்து. வகுப்பு நேரத்தை வெட்டி, பிறந்த வீட்டை வைத்து ஒரு பிள்ளையின் தொழிலை முடிவு செய்யக் கூடாது. ஆனால் அந்த நல்ல சண்டையின் ஓரத்தில் இன்னொன்றும் நடந்துவிட்டது. மாடு மேய்ப்பது என்றாலே அது படிக்காதவன் வேலை, அவமானம் என்று ஆகிவிட்டது. "படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போவே" என்று சொல்லாத வாத்தியார் உண்டா? அதைக் கேட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் விடியற்காலையில் நாலு மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு வந்திருப்பான்.

அமெரிக்காக்காரர்கள் இந்த இடத்தில் வேறு பாதையில் போனார்கள். அங்கே 1807ல் எல்கானா வாட்சன் என்பவர் பிட்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் இரண்டு மெரினோ ஆடுகளைப் பொதுவில் நிறுத்திக் காட்டினார். அதிலிருந்துதான் கவுண்டி ஃபேர் வளர்ந்தது என்பார்கள். பிள்ளைகள் உள்ளே வந்தது 1902ல். ஒஹையோ மாநிலத்தில் கிரஹாம் என்பவர் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஒரு விவசாய மன்றம் தொடங்கினார். அவரும் நம்மைப் போலப் பள்ளிக்கூடத்துக்காரர்தான், கண்காணிப்பாளர். அதுதான் பிற்பாடு ஃபோர் ஹெச் என்ற இயக்கமானது. தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நாலு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து அது. பிள்ளை பள்ளிக்கூடமும் போகும், மாலையில் தன் கன்றையும் வளர்க்கும், தீனிச் செலவுக்குக் கணக்கு நோட்டும் எழுதும். கண்காட்சியில் மாட்டுக்கு ஒரு பரிசு என்றால், அதைக் கையாளும் பிள்ளைக்குத் தனியாக இன்னொரு பரிசு உண்டு. நடுவர் பிள்ளையிடமே கேள்வி கேட்பார்: என்ன தீனி போடுகிறாய், என்ன எடை, இதில் என்ன குறை? கடைசியில் இறைச்சிக்கு வளர்த்தவற்றை ஏலம் விடுவார்கள். அங்கேயும் பிள்ளைகள் அழும். அந்த அழுகை நம் தீபச் சந்தையில் இருந்ததுதான். நம்மிடம் இல்லாதது அந்த நடுவரின் கேள்வி.

நம்மிடம் அதற்குக் கிட்டத்தில் இருப்பது கன்று பேரணி. கால்நடைப் பராமரிப்புத் துறை கிராமங்களில் முகாம் போடும்போது தடுப்பூசி, குடற்புழு நீக்கம், சினை ஊசி எல்லாம் முடித்துவிட்டு, கிடேரிக் கன்றுகளை வரிசையாக நிறுத்தி, நன்றாக வளர்ந்ததற்குப் பரிசு கொடுப்பார்கள். நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் அப்படி ஒரு முகாம். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு ஜெர்சிக் கலப்புக் கன்றைக் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து ஓட்டிவந்தாள். கன்று அவள் குரலுக்குத்தான் நின்றது. முதல் பரிசு அந்தக் கன்றுக்குத்தான். மைக்கில் வந்தது அப்பா பெயர். அவர் போய் எவர்சில்வர் குடம் வாங்கினார், எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாடு வீட்டுத் தலைவர் பெயரில் இருக்கும், பெயர் வாசிப்பதும் அப்படித்தான். நம் வழக்கமே அது. மறுநாள் வகுப்பில் அவளை எழுந்து நின்று கன்று வளர்ப்பதைப் பற்றிப் பேசச் சொன்னேன். கணக்கில் வாய் திறக்காதவள், சீம்பால் எப்போது கொடுக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு முறை பூச்சி மருந்து என்று கால் மணி நேரம் பேசினாள். வகுப்பு அசையாமல் கேட்டது.

காலம் மாறிவிட்டது, தெரியும். டிராக்டர் வந்து ஏர் மாடு போனது. மோட்டார் வந்து கவலை இறைத்த மாடு போனது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 2012ஐ விடப் பசுக்கள் ஏறக்குறைய 18 சதவீதம் கூடியிருக்கின்றன, ஆண் மாடுகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருக்கின்றன. உழவு மாட்டை நம்பி இருந்த சந்தைகள் இளைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இப்போது மாடு என்றால் பால், சொசைட்டியில் காலையும் மாலையும் அளக்கிற பால். ஆனால் புல் அறுக்கிற கை இன்றைக்கும் பல வீடுகளில் அதே சின்னக் கைதான். சட்டமும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. 2016ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்ப வேலையில் பிள்ளை உதவலாம் என்கிறது. உதவி என்பது எங்கே முடிகிறது, சுரண்டல் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது பெற்றோரும் ஆசிரியரும்தான். எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே: பள்ளிக்கூடம் தவறக் கூடாது.

உங்களில் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறீர்கள், ஊராட்சியில் பொறுப்பில் இருக்கிறீர்கள், ஆசிரியர்களாகவும் இருக்கிறீர்கள். அடுத்த கன்று பேரணி உங்கள் ஊரில் நடந்தால், பரிசு பெற்ற கன்றோடு அதை வளர்த்த பிள்ளையையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். கன்றின் பெயர் என்ன, என்ன தீனி, என்ன நோய் வந்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். குடத்தை அப்பாவிடமே கொடுங்கள், பரவாயில்லை. பிள்ளையின் பெயரை மைக்கில் சொல்லுங்கள். அரசாணை வேண்டாம், செலவும் இல்லை.

இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் கீழே ஒரு வரி எழுதுங்கள்: உங்கள் வீட்டில் இருந்த ஒரு மாட்டின் பெயர், அதை உண்மையில் வளர்த்தவர் யார் என்று. அக்கா, தங்கை, ஆயா யாராக இருந்தாலும் அவர்கள் பெயரையே எழுதுங்கள். என் கணக்கை நான் முதலில் எழுதிவிடுகிறேன். மாட்டின் பெயர் செவலை. வளர்த்தது என் தங்கச்சி.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர்