வியாசர்பாடி மன்றங்கள்: கோப்பையும் மைதானமும்

வடசென்னையைப் பற்றி எழுத வருகிறவர்களிடம் ஒரு அச்சு இருக்கிறது. ரவுடி, கஞ்சா, கானா. இந்த மூன்றையும் போட்டுக் கலக்கினால் வியாசர்பாடி தயார். சினிமாக்காரன் அப்படித்தான் எடுத்தான். பத்திரிகைக்காரன் அப்படித்தான் எழுதினான். போலீஸ்காரன் அப்படித்தான் கேஸ் போட்டான். தெருவுக்குத் தெரு இங்கே மன்றம் இருந்தது, அந்த மன்றத்துத் திண்ணையில் உட்கார்ந்துதான் ஒரு தலைமுறை எழுத்துக்கூட்டிப் படித்தது என்கிற விசயம் எவன் கணக்கிலும் ஏறவில்லை. கோயிலுக்குத் தலவரலாறு எழுத ஆள் இருக்கிறது. மில்லுக்கு நூற்றாண்டு மலர் போட ஆள் இருக்கிறது. மன்றத்துக்கு வரலாறு எழுத ஆளில்லை. நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மன்றம் என்றால் பெரிய கட்டடமாக நினைத்துவிடக் கூடாது. பத்துக்குப் பத்து ரூம். பல இடத்தில் அதுகூடக் கிடையாது, ஓலைக் கொட்டகைதான். ஒரு கேரம் போர்டு, நாலு மர பெஞ்சு, அம்பேத்கர் படம், காலையில் ரெண்டு தமிழ்ப் பேப்பர். வெளியே ஒரு கரும்பலகை. ரேஷன் எப்போ போடுறான், எந்தப் பரீட்சைக்கு எப்போ கடைசித் தேதி என்று அதிலே சாக்பீஸில் எழுதியிருக்கும். ராத்திரி ஏழு மணிக்கு டியூசன். சாயங்காலம் பந்து. யாராவது செத்தால் மன்றத்துப் பசங்கதான் பந்தல் போடணும், பாடை கட்டணும். யாரையாவது சந்தேகக் கேஸில் பிடித்துப் போனால் மன்றத்துச் செயலாளர்தான் ஸ்டேசன் வாசலில் நிற்கணும். இதற்கெல்லாம் வாரச் சந்தா ஒரு ரூபாயோ ரெண்டு ரூபாயோ.

இந்த மன்றங்கள் எங்கிருந்து வந்தன? வானத்திலிருந்து குதிக்கவில்லை. நூறு வருசத்துக்கு முன்னால் போக வேண்டும்.

1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் ஊரூரில் பஞ்சமர்களுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ ஆரம்பித்தார். பள்ளிக்கூடம், பத்திரிகை, சங்கம் என்று இந்த மூன்றும் சென்னையில் தலித் மக்களுக்குச் சேர்ந்தே முளைத்தன. பின்னால் வந்த மன்றங்களில் ராத்திரிப் பள்ளியும் பேப்பரும் சந்தா நோட்டும் ஒரே ரூமில் இருந்தன என்றால், அது அந்தப் பழைய வேரிலிருந்து கிளம்பினதுதான்.

அடுத்தது 1921. பின்னி கம்பெனியின் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தம். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் இங்கேதான் உருவானது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குப் போனார்கள். ஏன் போனார்கள் என்பதைத்தான் புத்தகங்கள் விட்டுவிடும். திரும்பிப் போக ஊரில் காணி கிடையாது, கடன் கொடுக்க உறவு கிடையாது, சங்கத்துத் தலைமையில் தங்கள் ஆள் கிடையாது. ஒரு மாசம் கூலி இல்லையென்றால் அடுப்பு எரியாது. விளைவு, 1921 ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29ஆம் தேதி துப்பாக்கிச் சூடும் நடந்தது. வீடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் வியாசர்பாடியில் முகாம் போட்டது. நகரத்தின் அமைதிக்காக ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டே அப்புறப்படுத்தலாம் என்ற யோசனை அப்போது நீதிக்கட்சித் தலைமையிடமிருந்தே வந்தது. எம்.சி. ராஜா அந்தக் கட்சியோடு முறித்துக்கொண்டதற்கு இந்தக் காயமும் ஒரு காரணம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், வியாசர்பாடிக்காரனுக்குத் தன் இடம் என்பது யாரும் கொடுத்ததில்லை. முகாமாக வந்து சேர்ந்த இடம், எந்த நேரமும் கிளம்பச் சொல்லலாம் என்ற இடம். அப்படிப்பட்ட இடத்தில் பத்துக்குப் பத்து ரூம் கட்டிக் கதவுக்கு மேல் பெயர் எழுதினான் என்றால், நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று எழுதினான் என்று அர்த்தம்.

பந்து எப்படி வந்தது? மில், ரயில்வே, துறைமுகம் என்று மூன்று பக்கமும் வெள்ளைக்காரன் கம்பெனி. பெரம்பூர் ரயில்வே பட்டறை 1850களிலேயே வந்துவிட்டது. ஐ.சி.எஃப். 1955இல் வந்தது. வெள்ளைக்காரன் ஆடினதைச் சுவர் ஏறிப் பார்த்தவன் சேரியில் வந்து ஆடினான். கிரிக்கெட்டுக்கு மட்டை, பேடு, கிளவுசு, வெள்ளைப் பேண்ட் எல்லாம் வேணும். கால்பந்துக்கு ஒரு பந்தும் வெறுங்காலும் போதும். அதிலும் ஒரு பந்துக்கு 22 பேர் பங்காளி. தொடாதே என்று சொல்லி வளர்த்த சாதிச் சமூகத்தில், உடம்போடு உடம்பு இடித்து ஆடுகிற ஆட்டத்தை எங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இன்னொரு காரணம் சோறு. நல்லா ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயில், ஐ.சி.எஃப்.பில் வேலை கிடைக்கும். என் நைனா காலத்தில், ‘கால் நல்லா இருந்தா கவர்மெண்ட் வேலை’ என்று பெரியவங்க சொல்லுவாங்க.

1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. குடிசை போய் ஹவுசிங்போர்டு மாடி வந்தது. 1973இல் வியாசர்பாடியிலேயே டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி திறந்தார்கள். எங்க தெருவில் முதல் பி.ஏ. அந்தக் கல்லூரியிலிருந்துதான் வந்தார். அவர்தான் ராத்திரி டியூசனுக்கு முதல் வாத்தியார். கூலி கிடையாது, டீ உண்டு.

இதே காலத்தில் மத்திய அரசு இளைஞர் மன்றங்களுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தது. 1972இல் தொடங்கின நேரு யுவ கேந்திரா. கிராமத்துப் படிக்காத இளைஞர்களை மன்றமாகச் சேர்ப்பது, விளையாட்டுச் சாமான் கொடுப்பது, தொழில் பழக்குவது அதன் வேலை. நல்ல திட்டம்தான். ஆனால் அது முதன்மையாகக் கிராமத்துக்கு. கிராமத்திலோ மன்றம் ஊருக்குள் இருக்கும், சேரிப் பையன் அதன் படியேற முடியாது. நகரத்துச் சேரி கிராமக் கணக்கிலும் வராது. செங்கல்பட்டிலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் பிழைக்க வந்த ஜனங்களை அரசாங்கக் காகிதம் ஊர் என்றும் சொல்லவில்லை, நகரம் என்றும் சொல்லவில்லை. அதனால் வியாசர்பாடி மன்றங்கள் சந்தாவிலும் சீட்டுப் பணத்திலும்தான் நின்றன. 1975இல் வந்த தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு பண்ணலாம். ஆனால் வருசா வருசம் கணக்குத் தாக்கல் பண்ணணும், ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கணும். முக்கால்வாசி மன்றம் பதிவே ஆகாமல் போனது இதனால்தான். பதிவு இல்லையென்றால் பேங்கில் கணக்கு இல்லை, மனு கொடுத்தால் மதிப்பு இல்லை, ஆவணத்தில் பெயரும் இல்லை. எங்கள் வரலாறு காணாமல் போன கதையில் இந்தச் சின்னக் காகிதத்துக்கும் பங்கு உண்டு.

1991 அம்பேத்கர் நூற்றாண்டு மன்றங்களை உலுக்கியது. அதுவரை நடிகர் பெயரிலும் கட்சித் தலைவர் பெயரிலும் இருந்த போர்டுகளில் அம்பேத்கர் பெயர் ஏறியது. ஏப்ரல் 14க்கு மைக் செட் போடுவதோடு நிற்காமல், புத்தகம் வாங்கி உரக்கப் படிக்கிற கூட்டங்கள் நடந்தன. ஒருத்தர் படிப்பார், மில் ஷிப்டு முடிந்து வந்தவங்க கேட்பாங்க. பூனா ஒப்பந்தத்தை நான் அப்படிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், பள்ளிக்கூடத்தில் இல்லை.

1996இல் பி அண்ட் சி மில் மொத்தமாக மூடப்பட்டது. அப்பன் வேலை போச்சு, பிள்ளை படிப்பு போச்சு. எங்க மன்றத்தில் சந்தா வராமல் பேப்பரை நிறுத்தினோம். அந்த நேரத்தில்தான் பசங்க கெட்ட வழிக்குப் போனது அதிகம். இதைச் சொல்லாமல் ‘வடசென்னைக் குற்றவாளி’ பற்றிப் பேசுகிறவன் பொய் பேசுகிறான். முகவரியில் வியாசர்பாடி என்று பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரம் வைத்த ஒரு கம்பெனியை எனக்கே தெரியும். அதற்குப் பிறகு எங்க தெருவில் பலபேர் பெரம்பூர் என்று எழுதிப் போட்டார்கள்.

இந்தக் கெட்ட காலத்தில்தான் 1990களின் கடைசியில் உமாபதி, தங்கராஜ் என்ற ரெண்டு பேர் முல்லை நகர் மைதானத்தில் சேரிப் பிள்ளைகளைச் சேர்த்துக் கால்பந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ‘ஸ்லம் சில்ட்ரன் ஸ்போர்ட்ஸ் டேலண்ட் அண்ட் எஜுகேசன் டெவலப்மெண்ட் சொசைட்டி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் நீளம், வேலை நேர்: பந்தும் பாடமும் சேர்ந்தே. படிப்பை விட்ட பையனைப் பந்தைக் காட்டிக் கூப்பிட்டுத் திரும்பவும் பள்ளிக்கு அனுப்புவது, சாயங்காலம் டியூசன். பழைய மன்றம் செய்ததன் தொடர்ச்சிதான் இது. ஆனால் இவர்கள் பதிவு செய்தார்கள், கணக்கு வைத்தார்கள், அதனால் நின்றார்கள். பெண் பிள்ளைகளையும் மைதானத்தில் இறக்கினார்கள்.

பலன் தெரிந்தது. வியாசர்பாடியை ‘குட்டி பிரேசில்’ என்று பத்திரிகைகள் எழுதின. வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்களத்தில் ஆடினார். அந்த அணி 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. கேரமில் நம் இளவழகி 2008இல் பிரான்சில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் அப்பா மூன்று சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்தவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னை காசிமா மூன்று தங்கம் எடுத்தார். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், மகளுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான்.

கேரம் விசயத்தில் ஒன்றைக் கவனிக்கணும். மன்றத்துக் கேரம் போர்டைச் சுற்றி எப்பவும் ஆம்பளைதான் நிற்பான். மன்றம் என்பதே ஆம்பளைங்க இடமாகத்தான் இருந்தது. தண்ணிக்குக் குடம் தூக்கி லாரி பின்னால் ஓடின அக்காக்களுக்கு அதில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை. சாதியைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசின மன்றம் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் உலகப் பட்டம் கொண்டுவந்தது யார் என்று பாருங்கள், பெண்கள்தான். வரலாறு எழுதும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

உலகத்தில் இது எங்கள் கதை மட்டுமில்லை. கென்யாவில் நைரோபி நகரத்து மதாரே சேரியில் 1987இல் ஒரு இளைஞர் விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். அங்கே லீக் போட்டியில் ஒரு ஏற்பாடு உண்டு. குப்பை அள்ளித் தெருவைச் சுத்தம் செய்கிற அணிக்கு அதற்கும் புள்ளி கிடைக்கும். ஜெயித்த மேட்ச்சுப் புள்ளியோடு அதையும் கூட்டுவார்கள். அந்தச் சங்கம் நோபல் சமாதானப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்படுகிற அளவுக்கு வளர்ந்தது. நமக்கும் அங்கேயும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. குப்பை அள்ளுவதை இங்கே சாதியின் தலையில் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கோல் மட்டும் கணக்கில்லை, அந்தப் பசங்க அந்த இடத்துக்குச் செய்ததும் கணக்கு என்ற யோசனை நமக்குத் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்க பக்கம் இடுப்பளவு தண்ணியில் பால் பாக்கெட்டும் மாத்திரையும் தூக்கிக்கொண்டு போனது பந்தாடுகிற பசங்கதான். அதற்கு யாரும் கோப்பை கொடுக்கவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். செயற்கைப் புல் விரித்த 9 கால்பந்து மைதானங்களைப் பராமரிக்கத் தனியாரிடம் விடுவது, ஆட வருகிறவர் ஒரு மணி நேரத்துக்குத் தலைக்கு 120 ரூபாய் கட்டுவது. அந்த 9இல் வியாசர்பாடி முல்லை நகர் மைதானமும் ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பையன் தினம் ரெண்டு மணி நேரம், மாசம் 25 நாள் பயிற்சி எடுத்தால் 6,000 ரூபாய். வீட்டு வேலைக்குப் போகிற அவன் அம்மா ரெண்டு மூணு வீட்டில் பாத்திரம் தேய்த்தாலும் அது வராது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டது நல்லது. ஆனால் போடத் துணிந்தார்களே, அதுதான் பாடம்.

1921இல் நகரத்தை விட்டுப் போ என்றார்கள். 2000த்துக்கு மேல் சென்னைச் சேரிகளைப் பிடுங்கிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்ப் போட்டார்கள். போன இடத்தில் வீடு இருந்தது, மன்றம் இல்லை. தெரு கலைந்தால் மன்றம் கலையும், மன்றம் கலைந்தால் பையனைத் தேடி ஸ்டேசன் வாசலில் நிற்க ஆளிருக்காது. மைதானத்துக்கு டிக்கெட் போடுவதும் அதே வேலையைத்தான் செய்யும், லாரியில் ஏற்றாமலே.

அதனால் சாதனை என்றால் கோப்பையை மட்டும் எண்ணாதீர்கள் என்று தோழர்களிடம் சொல்கிறேன். கோப்பை கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். மைதானம் இருந்தால்தான் அடுத்த பையனும் அடுத்த பெண்ணும் வருவார்கள். மைதானம் காசில்லாமல் திறந்திருக்க வேண்டும், மன்றத்துக்குப் பட்டாவோடு ஒரு இடம் வேண்டும். இந்த ரெண்டையும் கேட்போம்.

மாணவத் தோழர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் எந்த வருசம் மன்றம் வந்தது, யார் கதவு செய்து கொடுத்தது, ராத்திரி டியூசனுக்கு விளக்கு யார் வீட்டிலிருந்து வந்தது, மினிட் புத்தகம் யார் பரண் மேல் கிடக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள். சந்தா நோட்டு கிடைத்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.